நாலடி பத்தங்குலமும் இரண்டு பெடல்களும்

சின்ன விமானம் ஓட்டக் கண் வேண்டும், காது வேண்டும், தைரியம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். கால் வேண்டும், அதுவும் நீளமான கால் வேண்டும் என்பதை மட்டும் நாம் இருக்கையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்வார்கள். நான் நாலடி பத்தங்குலம். என் உயரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கடையில் மேல் தட்டில் இருக்கிற மைலோ டின்னைப் பார்த்துக்கொண்டு, உதவிக்கு ஆள் வருமா என்று நிற்காத மாதிரி நின்றிருப்போம். குழுப் படம் எடுக்கும்போது "நீங்க முன்னால வாங்க" என்று தோளைப் பிடித்து இழுத்திருப்பார்கள். நாம் எல்லாரும் ஒரே கட்சி.

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் என் மனைவி சரோஜாவின் அண்ணன் தர்மலிங்கம். ஆறடி ஒரு அங்குலம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கிள்ளானில் எங்கள் கல்யாணத்தில், படம் பிடிக்கிற நேரத்தில், மண்டபத்துச் சமையலறையிலிருந்து ஒரு சோடா பெட்டியைத் தூக்கி வந்து கவிழ்த்துப் போட்டு, அத்தனை பேர் பார்க்க என்னை அதன் மேல் ஏற்றி நிறுத்தினார். படத்தில் பெட்டி தெரியாது. சரோஜாவின் சேலை மறைத்துவிட்டது. ஆனால் ஓரத்தில் நின்று சிரிக்கிற மச்சானின் பல் அத்தனையும் தெரியும். தலைத் தீபாவளிக்குக் குதி உயர்ந்த சப்பாத்து ஒரு ஜோடி வாங்கித் தந்தார். அதை நான் போடவில்லை. அன்றிலிருந்து தட்டைச் செருப்பைத் தவிர வேறெதையும் காலில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கேரி தீவில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்து, துறைமுகத்தில் லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக இரண்டு லோரி வைத்துப் பண்டமாரானில் குடியேறியவன் நான். ஒரு நாள் சுபாங் விமான நிலையத்தில் சரக்கு இறக்கிவிட்டு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு சின்ன விமானத்தைத் தனியாளாகக் கையால் தள்ளிக்கொண்டு போனார், பாசாரில் காய்கறி வண்டியைத் தள்ளுவதுபோல. ஒரு ஆள் தள்ளினால் நகர்கிற வண்டியை என்னால் ஓட்ட முடியாதா என்று தோன்றியது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு லோரியை விற்றேன். அங்கே இருந்த ஒரு பறக்கும் கழகத்தில் சேரப் போவதாக, மச்சானின் பேரன் பிறந்தநாள் விருந்தில் வாய்விட்டேன். மச்சான் கோழித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேச்சு தானாக அடங்கும், அவ்வளவு உயரம்.

"மாப்பிள, நீ பிளேன் ஓட்டுனா மொத ஆளா நான் உன் பக்கத்துல உக்காருறேன். உக்காந்துட்டு எறங்கி வந்து, இதே ஆளுங்க முன்னால, உன்னைப் பெட்டி மேல ஏத்தினது தப்புன்னு என் வாயால சொல்றேன்."

சுவரோடு ஒட்டி நின்றது

பயிற்சிக்கு முன்னால் டாக்டர் சான்றிதழ் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் அதற்கென்று அனுமதி பெற்ற ஒரு தமிழ் முஸ்லிம் டாக்டர் இருந்தார். நெஞ்சில் கம்பி ஒட்டிப் பார்த்தார், காதில் விளக்கு அடித்துப் பார்த்தார், கண்ணுக்கு நிறப் புள்ளிகளைக் காட்டினார். அதெல்லாம் எனக்குப் பயமில்லை. கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலைக் காட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னபோதுதான் பயம் வந்தது. இங்கேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால், மச்சானின் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

நான் குதிகாலைக் கொஞ்சம் தூக்கினேன். நம்மில் யார் தூக்காமல் நின்றிருக்கிறோம்? டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அங்கிள், குதிய கீழ வைங்க. உயரம் எழுத இந்த ஃபாரத்துல இடம் இருக்கு, இவ்வளவு இருந்தாதான் பறக்கலாம்னு எங்கயும் போடல. மத்தத அந்த பிளேனே உங்களுக்குச் சொல்லும்."

சோபா தலையணை

பிளேன் முதல் நாளே சொல்லிவிட்டது. எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் கேப்டன் ரேவதி, சாலாக் செலாத்தான் ஊர்ப் பெண், முப்பது வயது இருக்கும். இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் உரச உட்காரும் விமானம். இறக்கை தலைக்கு மேலே. என்னை இடப்பக்கம் உட்காரவைத்தார். எதிரே அளவு காட்டுகிற கடிகாரம் கடிகாரமாகத் தெரிந்தது; அவற்றுக்கு மேலே வானம் தெரிந்தது; ஓடுபாதை மட்டும் தெரியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த சோபா தலையணையைக் கீழே போட்டேன். ஓடுபாதை தெரிந்தது, கால் பெடலை விட்டு மேலே வந்துவிட்டது. இன்னொரு தலையணையை முதுகுக்கு வைத்து முன்னால் வந்தேன். கால் எட்டியது, கைப்பிடி வயிற்றில் இடித்தது. மூன்றும் ஒன்றாக நடக்கிற ஓர் உட்காருதலை அன்று முழுக்கத் தேடினோம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. விமானத்தின் கைப்பிடி பார்க்க லோரி ஸ்டியரிங் மாதிரி இருந்தாலும், தரையில் ஓடும்போது அதற்கு வேலை இல்லை. தரையில் விமானத்தைத் திருப்புவது காலால். இடது பெடலை மிதித்தால் இடம், வலதை மிதித்தால் வலம், பெடலின் மேல் நுனியை அழுத்தினால் பிரேக். முப்பத்தைந்து வருடம் லோரி ஓட்டிய கை இதைக் கேட்குமா? வளைவு வந்தபோது நான் கைப்பிடியை முழுச் சுற்றுச் சுற்றப் பார்த்தேன். அது பாதிச் சுற்றோடு நின்றது. விமானம் நேராகப் புல்லுக்குள் போகப் பார்த்தது. ரேவதி தன் பக்கத்துப் பெடலை மிதித்து நிறுத்திவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தார்.

"அங்கிள், கை சும்மா இருக்கட்டும். கால் எங்க இருக்கு? அத மொதல்ல கண்டுபிடிப்போம்."

நாலு எலுமிச்சம்பழம்

முதன்முதலாக மேலே போகப் போகிற நாளில் எலுமிச்சம்பழம் கொண்டுபோனேன். புது லோரி எடுத்தால் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்காமல் நான் ஒரு தடவைகூட வண்டியைக் கிளப்பியதில்லை. பழக்கத்தில் நாலு வாங்கிவிட்டேன். போய்ப் பார்த்தால் விமானத்துக்கு மூன்று சக்கரம். மூன்றை வைத்தேன், நாலாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டு நின்றேன்.

அப்போது தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் லிம் அந்தப் பக்கம் வந்தார். கிள்ளானில் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்த சீனர், நன்றாகவே தமிழ் பேசுவார். அந்த இடத்தில் ஒரு சின்னத் திருகாணி கிடந்தால்கூடக் குனிந்து பொறுக்குகிறவர். விமானத்தின் மூக்கில் இருக்கிற விசிறி சுற்றும்போது தரையில் கிடப்பதையெல்லாம் இழுத்து அடிக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் திட்டவில்லை. மூன்று பழத்தையும் பொறுக்கினார், என் பையில் இருந்த நாலாவதையும் கேட்டு வாங்கினார். பிறகு கேண்டீனில் அதைத் தன் பால் விடாத தே ஓ தேநீரில் பிழிந்து குடித்ததை நான் பார்த்தேன். மறக்கவில்லை.

"லோரி மிதிச்சா சாமி சந்தோசப்படும், அங்கிள். இந்தக் காத்தாடி அடிச்சா எனக்குத்தான் தலைவலி. வேணும்னா கார் பார்க்குல உங்க கார் சக்கரத்துக்கு வைச்சுட்டு வாங்க லா."

வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓகே பாஸ்

புத்தகப் படிப்பு ஆங்கிலத்தில். துறைமுகத்தில் பேசிப் பேசி எனக்கு ஆங்கிலம் வாயில் வரும், கண்ணில் வராது. சரோஜா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரசம் கொதிக்கும்போது காற்றழுத்தத்தைப் பற்றிப் படித்துக் காட்டுவாள். வெங்காயம் நறுக்கும்போது மேக வகைகள். பரீட்சையில் ஒரு தாள் மட்டும் இரண்டாம் தடவை எழுதினேன். அது மேகத் தாள். அவள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

புத்தகத்தைவிட ரேடியோதான் கஷ்டம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் எதைச் சொன்னாலும், அதை நம் விமானத்தின் எண்ணோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். லோரி கொட்டகையில் எங்களுக்கு அந்த வழக்கமில்லை. இறங்கலாம் என்று கோபுரம் சொன்னதும் நான் "ஓகே பாஸ்" என்றேன். மறுபடி சொன்னார்கள். மறுபடியும் "ஓகே பாஸ்" என்றேன். பக்கத்தில் ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மூன்றாவது தடவை அந்தக் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பாஸ், நீங்க ஓகேன்னு எனக்குத் தெரியுது. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியணும்."

இருக்கை பின்னால் போன காலை

இந்த ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. எங்கள் விமானத்தின் இருக்கை இரண்டு தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். இருக்கையின் ஊசி ஒரு துளையில் இறங்கினால்தான் பூட்டு. உங்களுக்கும் எனக்கும் எப்போதும் முன்பக்கத்துக் கடைசித் துளைதான். அன்று நான் இருக்கையை முன்னால் இழுத்தேன், அது இரண்டு துளைக்கு நடுவே நின்றிருக்கிறது. ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன் என்று ரேவதியிடம் சொல்லியும்விட்டேன்.

முழு விசை கொடுத்து ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது, இருக்கை என்னோடு சேர்ந்து பின்னால் ஓடியது. கால் பெடலை விட்டது. விழாமல் இருக்க நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். தொங்கினால் அது இழுபடும், இழுபட்டால் விமானத்தின் மூக்கு மேலே எழும்பும். எழும்பியது. ரேவதி "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இனி விமானம் அவர் கையில் என்று அர்த்தம்; நான் கையை எடுத்துவிட்டேன். அவர் விசையைக் குறைத்து, மூக்கை இறக்கி, ஓடுபாதையிலேயே நிறுத்தினார். உடம்பில் எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஆட்டிப் பார்த்தீர்களா என்று. நான் இல்லை என்றேன். ரேவதி என்மேல் கோபப்படவேயில்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கட்டுரையில் அப்படி இருப்பவர் அவர் ஒருவர்தான்.

கேப்டன் லிம் மறுநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தனியாகப் பறந்தால்தான் லைசன்சுக்கு வழி. தனியாக விடுவதற்கு அவர் கையெழுத்து வேண்டும். பெடலில் கட்டை வைத்துக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். லோரியில் அப்படித்தான் செய்திருந்தேன். விமானத்தில் அனுமதி இல்லாமல் ஒரு நூல்கூடக் கட்டக்கூடாது என்றார். பிறகு மூன்று விரலை நீட்டினார்.

"ரெண்டு பெடலும் முழுசா உள்ள போகணும். ரெண்டு பிரேக்கும் புடிக்கணும். அதே நேரத்துல கண்ணுக்கு ரன்வே தெரியணும். மூணும் ஒண்ணா செஞ்சு காட்டுங்க, விடுறேன். இல்லேன்னா வருத்தம்தான், அங்கிள்."

விமானத்தில் ஒட்டாத ஒன்று

மூன்று வாரம் தூங்கவில்லை. மச்சான் வேறு போன் செய்து, எப்போது வந்து உட்கார வேண்டும் என்று சரோஜாவிடம் விசாரித்தார். பண்டமாரானில் லோரி சீட் தைக்கிற முருகேசுவிடம் போனேன். அவன் என் சோபா தலையணையை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்து, இதில் உட்கார்ந்தால் பாதி உயரம் அழுந்தியே போய்விடும் என்றான். அழுந்தாத கட்டி ரப்பரில், முதுகுக்கு ஒன்றும் உட்கார ஒன்றும், நழுவாதபடி அடியில் சொரசொரத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தான். கேப்டன் லிம் அவற்றை இழுத்துப் பார்த்து, இருக்கைப் பட்டையைப் போட்டுப் பார்த்து, சரி என்றார். ஓடுபாதை தெரிந்தது. கைப்பிடி வயிற்றில் இடிக்கவில்லை. கால் இன்னும் இரண்டு அங்குலம் பாக்கி.

விமானத்தில் எதையும் ஒட்டக்கூடாது. ஆனால் என் காலில் ஒட்டலாம். இது எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சப்பாத்து தைப்பவரிடம் போய், குதி மட்டுமல்ல, அடி முழுவதும் இரண்டு அங்குலம் ரப்பர் வைத்துத் தரச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். ஒரு நண்பருக்கு என்றேன். நண்பரின் காலை அளக்க வேண்டுமே என்றார். செருப்பைக் கழற்றினேன். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தபோது, சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார். சரோஜா சமையலறை வாசலில் நின்று என் காலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருசம் எங்க அண்ணன் மேல உள்ள கோவத்துல செருப்பு போட்டீங்க. போதும், நான் அவர்கிட்ட சொல்லமாட்டேன். போயி பெடல மிதிங்க."

நாற்காலி இல்லாத வாளி

கேப்டன் லிம் தரையில் நின்றபடி வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது பெடலை மிதித்தேன். வால் பலகை கடைசி வரை போனது. வலதை மிதித்தேன், போனது. ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைச் சோதித்தார். ஓடுபாதையின் நடுக்கோடு தெரிகிறதா என்று கேட்டார். நான் அதன் வெள்ளைப் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்பது வரை சொன்னேன். கேப்டன் லிம் திரும்பி அலுவலகத்துக்கு நடந்தார். மூன்று சுற்று ரேவதியோடு பறந்து இறங்கிய பிறகு, அவர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, கேப்டன் லிம் கையெழுத்துப் போட்ட தாள் காலையிலேயே தன் பையில் இருந்தது என்றார்.

தனியாக ஒரே ஒரு சுற்று. இருக்கையை ஏழு தடவை ஆட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் விமானம் வெடுக்கென்று எழும்பியது. கீழே செம்மண்ணும் கூரைகளும் நெடுஞ்சாலையும் தெரிந்தன. நெடுஞ்சாலையில் ஒரு லோரி எறும்பு மாதிரி போனது. அந்த ஓட்டுநர் எவ்வளவு உயரம் என்று மேலிருந்து சொல்ல முடியாது. அதை நினைத்ததும் தோள் இறுக்கம் விட்டுப் போனது. கோபுரம் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். சக்கரம் ஒரு தடவை தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டது. நடுக்கோட்டில் நின்றேன். நிறுத்தியது என் கால்தான்.

முதல் தடவை தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். சப்பாத்து நனையக்கூடாது என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, செருப்பில் நின்றேன். ஊற்றியவர் கேப்டன் லிம். ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"இத்தன வருசத்துல நாற்காலி போடாம ஊத்தினது இதான் மொத தடவ. எனக்கு இடுப்பு வலி இல்ல, தேங்ஸ் அங்கிள்."

மச்சான் வந்த நாள்

லைசன்ஸ் கைக்கு வந்தபோது எனக்கு அறுபத்தொன்று. மச்சானுக்கு வேறு வழியில்லை. முப்பது பேர் கேட்ட வாக்கு. ஒரு ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, சரோஜாவோடு சுபாங்குக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. சாப்பிடாமல் வந்திருந்தார். இவ்வளவு வருடம் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அன்று தெரிந்தது: அவருக்கு உயரம் என்றால் பயம்.

விமானத்தின் எரிபொருள் தொட்டி இறக்கைக்குள் இருக்கிறது. புறப்படும் முன் மேலே எட்டி, குச்சியை விட்டு அளவு பார்க்க வேண்டும். எனக்கு எட்டாது என்பதால் கழகத்தில் ஒரு பழைய சோடா பெட்டியை எனக்கென்று வைத்திருக்கிறார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று அளந்துகொண்டிருந்தேன். மச்சான் அதைப் பார்த்தார். வெளிறிய முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. இன்னும் பெட்டியை விடவில்லையா மாப்பிள என்று கேட்டுக்கொண்டே, என்னைப் பார்த்தபடி, இறக்கையின் பின் ஓரமாக நடந்து வந்தார். அந்த இறக்கை ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் நமக்கு வந்ததில்லை. மச்சானுக்குச் சரியாக நெற்றி உயரம்.

சத்தம் கேட்டு ரேவதி ஓடி வந்தார். உயரமானவர்கள் எல்லாருக்கும் ஒரு தடவை இது நடக்கும், அவர்கள் நெற்றியில் இருக்கிற தழும்பைப் பார்த்தே எத்தனை வருடம் பறந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஆறுதல் சொன்னார். நான் பெட்டியிலிருந்து இறங்கி, அதில் மச்சானை உட்காரவைத்து, என் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். கிளினிக்கில் இரண்டு தையல். நான் சிரிக்கவில்லை, சரோஜாவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கெட்ட செய்தியாக அது முடியவில்லையே என்று நிம்மதிதான். மச்சானுக்கும் நிம்மதியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தையல் ஆறட்டும் மாப்பிள. ஆறினதும் வந்து உக்காருறேன். உக்காந்தாதானே அந்த வார்த்தைய சொல்லணும்."

தையல் ஆறி எட்டு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் என் இருக்கையைக் கடைசித் துளையில் பூட்டி ஆட்டிப் பார்த்த பிறகு, அவருடைய நீளக் காலுக்கென்று வலப்பக்க இருக்கையையும் பின்னால் தள்ளிப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, அதைக் காலியாகவே வைத்துப் பறந்துவிட்டு வருகிறேன்.